முதலில் நோயாளியிடம் பேசுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நோயைப் பற்றியவை அல்ல. மருத்துவமனையில் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றியவை. அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வாரம் ஆகிறது. கேஸ் ஷீட் நகல் கேட்டால், "அதெல்லாம் நோயாளிக்குத் தருவதில்லை" என்கிறார்கள். (வாசகர், திண்டுக்கல்)

தர வேண்டும். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுப்பிய ஆளோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுங்கள், உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் கால் வீங்குகிறது. நிறுத்திவிடலாமா? (வாசகி, கரூர்)

என்ன மாத்திரை? எத்தனை மில்லிகிராம்? எவ்வளவு நாளாக? கடைசியாகப் பார்த்தபோது அழுத்தம் எவ்வளவு? ஒன்றையுமே எழுதாமல் நிறுத்தலாமா என்று கேட்டால் நான் எதைக் கொண்டு பதில் சொல்வது? அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையால் கால் வீங்குவது உண்டு. இதயம், சிறுநீரகம் கெட்டாலும் வீங்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறலும் இருந்தால் இன்றே. பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

மருந்தை ஆஸ்பத்திரிக் கடையில்தான் வாங்க வேண்டும் என்கிறார்களே? (வாசகர், ஓசூர்)

கட்டாயம் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் இருக்கின்றன. மருந்தை எங்கே வாங்குவது, பரிசோதனையை எங்கே செய்வது என்று நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்பது அவற்றில் ஒன்று. வெளியில் வாங்கினால் ரசீதை வைத்திருங்கள்.

அப்பாவுக்கு (68) இரைப்பையில் புற்றுநோய். அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மை தெரிந்தால் இடிந்துபோவார். மருத்துவரோ, "அவரிடம் சொல்லாமல் கீமோ தொடங்க மாட்டேன்" என்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? (மகன், திருச்சி)

அந்த மருத்துவர் செய்வதுதான் சரி. நீங்கள்தான் சம்மதிக்க வேண்டும்.

நோய் அப்பாவுடையது. ஊசி ஏறப்போவது அவர் கையில். தெளிந்த நினைவோடு இருக்கும் வரை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவரும் அவர்தான். அல்சர் என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம் கீமோவுக்கு வாங்கும் கையெழுத்து ஒப்புதலே ஆகாது.

உங்கள் பாசத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பொய்யால் வரும் துன்பம் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. அல்சருக்கு எதற்கு இத்தனை ஊசி, முடி ஏன் கொட்டுகிறது என்று அவர் யோசிக்க மாட்டாரா? வார்டு வாசலில் உள்ள பலகை சொல்லிவிடும். இல்லையென்றால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சொல்லிவிடுவார். தெரிந்த பிறகும், பிள்ளைகள் மனம் நோகக் கூடாதென்று தெரியாதவர்போல இருந்துவிடுவார். பயத்தைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாமல் சொந்த வீட்டிலேயே தனியாகிப்போவார். நான் பார்த்த குடும்பங்கள் பலவற்றில் நடந்தது இதுதான். அல்சர்தானே என்று சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் உண்டு. நிலப் பத்திரம், கொடுத்து வாங்க வேண்டிய கடன், பேச்சு நின்றுபோன தம்பி என்று அவர் பார்த்து முடிக்க வேண்டியவை எத்தனையோ இருக்கும். அதற்கான காலத்தை அவரிடமிருந்து பறிக்க யாருக்கும் உரிமை இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லித் தீர்க்க வேண்டும் என்பதில்லை. "உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று முதலில் அவரைக் கேட்க வேண்டும். "எனக்கு வேண்டாம், மகனிடம் சொல்லுங்கள்" என்றால் அதை மதிக்க வேண்டும்; அது அவரே எடுத்த முடிவு. தெரிந்துகொள்ள விரும்பினால் தனி அறையில், நீங்களும் அருகில் உட்கார்ந்திருக்க, மருத்துவர் சொல்லட்டும். நோயின் பெயரை ஒரு நாளும் சிகிச்சை விவரத்தை மறுநாளும் சொல்லலாம். வலியைக் கட்டுப்படுத்த வழி இருக்கிறது என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சக மருத்துவர்கள் மீதும் எனக்கு இதே கோபம் உண்டு. நோயாளி எதிரில் இருக்க, மகனின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். மனைவிக்கு வயிற்றுவலி என்றால் கணவரிடம் "எத்தனை நாளாக வலிக்கிறது?" என்று கேட்கிறார்கள். வலி உள்ளவர் வாய் திறப்பதற்குள் சீட்டு எழுதி முடிந்துவிடுகிறது. இது கேள்வி கேட்ட உங்களுக்கும் சேர்த்துத்தான்: உங்கள் கடிதத்தில் அப்பா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

அறுவைசிகிச்சை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இது செல்லுமா? (வாசகி, நாகர்கோவில்)

உயிர் போகும் அவசரம் இல்லையென்றால் அப்படி வாங்கியது தவறு. எதைச் செய்யப்போகிறார்கள், அதன் ஆபத்து என்ன, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கையும் புரியும் மொழியில் சொல்லியிருக்க வேண்டும். 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணின் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குத்தான் அவர் ஒப்புதல் கொடுத்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது, தாயிடம் கேட்டுவிட்டுக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அது செல்லாது என்றது தீர்ப்பு. அடுத்த முறை முந்தைய நாளே படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கேஸ் ஷீட் நகலையும் வாங்கிவிடுங்கள். திண்டுக்கல்காரருக்குச் சொன்ன முறைதான்.

மருத்துவர் இரண்டு நிமிடம்கூடப் பேசுவதில்லை. (வாசகர், விழுப்புரம்)

உண்மை. 2017-இல் வெளியான 67 நாடுகளின் ஆய்வு ஒன்றில் இந்தியாவுக்குக் கிடைத்த கணக்கும் ஏறத்தாழ 2 நிமிடம்தான். ஸ்வீடனில் 20 நிமிடத்துக்கு மேல். பங்களாதேஷில் ஒரு நிமிடம்கூட இல்லை. கூட்டம் குறையும் வரை காத்திருக்க முடியாது. கேள்விகளை வீட்டிலேயே எழுதுங்கள், மூன்று போதும். முக்கியமானதை முதலில் கேளுங்கள். எழுந்திருக்கும்போது "இன்னொன்று, நெஞ்சுவலி" என்று தொடங்காதீர்கள். முடிவில், "காலையில் இது, இரவில் அது, ஒரு மாதம் கழித்து வர வேண்டும், சரிதானே?" என்று நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பழைய சீட்டுகளைக் கொண்டுபோங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். அவற்றைத் தேடுவதிலேயே ஒரு நிமிடம் போய்விடுகிறது.

பில் பாக்கிக்காக இறந்தவரின் உடலைத் தர மறுக்கலாமா? (வாசகர், சேலம்)

கூடாது. அதே உரிமைச் சாசனத்தில் இதுவும் இருக்கிறது. பாக்கியை வசூலிக்க வேறு சட்ட வழிகள் உண்டு. தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள்.

விபத்தில் சிக்கியவரைச் சேர்க்க முன்பணம் கேட்டார்கள். (வாசகர், செங்கல்பட்டு)

முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் "நம்மைக் காக்கும் 48" திட்டமும் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும், திட்ட வரம்புக்குள் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. 108-ஐ அழையுங்கள்.

அம்மாவுக்கு 80 வயது. சர்க்கரை மாத்திரைக்காக மாதாமாதம் அழைத்துப் போக முடியவில்லை. (மகள், தருமபுரி)

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். பழைய சீட்டுகள் அங்கேயும் வேண்டும். வீட்டுக்கு வருபவர் மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பினால், சர்க்கரையையும் அழுத்தத்தையும் பார்த்து எழுதிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.