போட்டோ கேட்டார்கள்

அன்புள்ள ஐயா,

கணவர் வேலை நிமித்தம் தென்கொரியாவில், சுவோன் நகரில் இருக்கிறோம். நான் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பத்து வருடத்துக்கு மேல் பாடம் எடுத்தவள். போன மார்ச்சில் இங்கே ஒரு ஹாக்வொனில் (நம்மூர் டியூஷன் சென்டர் மாதிரி) ஆங்கில ஆசிரியை வேலைக்குக் கேட்டேன். போனில் பேசிவிட்டு, "நன்றாகப் பேசுகிறீர்கள்" என்றார்கள். மறுநாள் காகாவோ டாக்கில் (நம்மூர் வாட்ஸ்அப் மாதிரி) போட்டோ கேட்டார்கள். அனுப்பினேன். "மன்னிக்கவும், பெற்றோர்கள் விரும்ப மாட்டார்கள்" என்று பதில் வந்தது. "நம்ம ஊரிலும் சிவப்பான பெண்தானே தேடுகிறார்கள், இவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?" என்கிறார் கணவர். சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சரியில்லை. கல்யாண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' கேட்பவன் செய்வது அநியாயம்தான். அந்தக் கடனை உங்களிடம் ஏன் வசூலிக்க வேண்டும்? அந்த விளம்பரங்களிலும் அடிபடுவது பெண்கள்தானே.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான இ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்குத்தான். 2010-ல் அமலுக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தம் இந்தியர்களுக்கும் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. ஆனால் பள்ளிகளில் துணை ஆசிரியராக மட்டும். ஆக, விசா இடம் தராது என்று சொல்லியே அந்த ஹாக்வொன்காரர் மறுத்திருக்க முடியும். ஆனால் அவர் விசாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. முகத்தைப் பார்த்தார், முடித்துவிட்டார்.

சரியான பாஸ்போர்ட் வைத்திருக்கும் கறுப்பின அமெரிக்கர்களுக்கும் இதே பதில் வந்திருக்கிறது. அதைவிட வேடிக்கை, லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து வளர்ந்த கொரிய வம்சாவளி ஆசிரியர்களையும் தட்டிக்கழிக்கிறார்கள். ஆங்கிலம்தான் அவர்களுக்குச் சரளம், முகம் மட்டும் கொரிய முகம். 'பெற்றோர் விருப்பம்' என்ற திரைக்குப் பின்னால் ஓடுவது வெள்ளை முக வியாபாரம்.

வெள்ளையருக்கும் அங்கே எல்லாம் சுகமில்லை. 2007-ல், கொரியாவில் ஆங்கிலம் கற்பித்துவந்த கனடாக்காரர் ஒருவர் சிறார் பாலியல் குற்றத்துக்காகத் தாய்லாந்தில் பிடிபட்டார். உடனே வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள் அனைவரும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று விதி வந்தது. அந்தக் குற்றத்துக்கும் இந்த ரத்தப் பரிசோதனைக்கும் என்ன சம்பந்தம்? கொரிய ஆசிரியர்களுக்கோ கொரிய வம்சாவளியினருக்கோ அது கிடையாது. உல்சான் நகரில் ஒரு நியூசிலாந்து ஆசிரியை 2008-ல் பரிசோதனை செய்துகொண்டுதான் வேலைக்குச் சேர்ந்தார். 2009-ல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுபடியும் கேட்டபோது, இது என்னை அவமதிப்பது என்று மறுத்தார். வேலை போயிற்று. வெளிநாட்டு ஆசிரியர்களின் ஒழுக்கத்தைச் சோதிக்கும் வழி இது என்று கல்வி அலுவலகத் தரப்பே விசாரணையில் சொன்னது! அந்த ஆசிரியை ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு வரை போனார். இது பாகுபாடுதான் என்று 2015-ல் அது முடிவு சொன்னது; 2017-ல் கொரியா அந்த விதியை எடுத்தது. நியூசிலாந்திலும் நிறவெறி உண்டு, அங்குள்ள பூர்வகுடிகளான மவோரிகளைக் கேட்டால் சொல்வார்கள். அதற்காக அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?

உங்கள் விஷயத்தில் அவ்வளவு வலுவான ஆயுதம் இல்லை. பாகுபாட்டுக்கு எதிரான பொதுச்சட்ட மசோதா 2007-லிருந்து திரும்பத் திரும்ப வந்து, நிறைவேறாமலே போகிறது. நீங்கள் துணைவர் விசாவில் இருந்தால் தனி அனுமதி இல்லாமல் வேலைக்கும் போக முடியாது. அந்த ஹாக்வொன் வேலையை மறந்துவிடுங்கள். ஆனால் கொரியாவின் தேசிய மனித உரிமை ஆணையத்தில் புகார் தரலாம், வெளிநாட்டவருக்கும் உரிமை உண்டு, தொலைபேசி எண் 1331. அது பரிந்துரைதான் செய்யும், தண்டிக்காது. போட்டோ கேட்ட செய்தியையும் வந்த பதிலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். நடந்து ஓராண்டு தாண்டிவிட்டால் புகாரைத் தள்ளிவிட முடியும், அதனால் அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டாம்.