பெயர் டாலரில் உதிரும் புள்ளிகள்

வணக்கம் அக்கா,

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட்ட தோடு, டாலர் செய்து விற்கலாம் என்று சின்ன டையோடு லேசர் மெஷின் வாங்கினேன். மரத்தில் நன்றாக எழுதுகிறது. நிறமில்லாத அக்ரிலிக் ஷீட்டில் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரு கீறல்கூட விழவில்லை. மெஷின் கோளாறா? கறுப்பு ஷீட்டில் 'கார்த்திக்' என்று வெட்டினேன், எழுத்தெல்லாம் தனித்தனியாக உதிர்ந்துவிட்டது. தமிழில் பெயர் வெட்டவே முடியாதா?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். டையோடு லேசரின் நீல ஒளி, சுமார் 450 நானோமீட்டர், நிறமில்லாத அக்ரிலிக்கை ஜன்னல் வெயில் மாதிரி கடந்து போய்விடும். உள்ளே தங்கினால்தானே சூடாகும்? கறுப்பு அதை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் வெட்டுப்பட்டது. நிறமில்லாததை வெட்ட கார்பன் டை ஆக்சைடு லேசர் வேண்டும். இப்போதைக்குக் கறுப்பே போதும்.

இனி கார்த்திக். அந்தப் பெயரில் மூன்று புள்ளிகள் அந்தரத்தில் நிற்கின்றன, 'கா'வின் காலும் தனியாக நிற்கிறது. உதிராமல் என்ன செய்யும்? இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தைக் கோட்டு வடிவமாக (path) மாற்றி, அடியில் ஒரு பட்டை கொடுத்து, புள்ளிகளை இறக்கி எழுத்தோடு ஒட்டவைத்தால் ஒரே துண்டாக வரும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை; ஒட்டிய புள்ளி மரு மாதிரி இருக்கிறது, பெயரையும் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

நீள்வட்டத் தட்டு ஒன்றை வெட்டி, அதன்மேல் பெயரைச் செதுக்குங்கள். புள்ளி அதனதன் இடத்தில் நிற்கும். ஷீட்டின் மேலுள்ள காகிதத்தை உரிக்காமல் செதுக்குங்கள். பள்ளத்தில் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட்டைத் தேய்த்து, காய்ந்தபின் காகிதத்தை உரித்தால் எழுத்து மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று நிற்கும். ஓரத்துக்குத் தஞ்சாவூர்க் கலைத்தட்டில் இருக்கும் பூவேலை போல ஏதாவது போட்டால் கல்யாண வீட்டுக்காரர்கள் விட மாட்டார்கள். வளையம் மாட்டும் ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே 2 மில்லிமீட்டராவது விடுங்கள், இல்லையென்றால் உடையும்.

ஷீட் வாங்கும்போது 'காஸ்ட்' (cast, வார்த்துச் செய்த வகை) என்று கேட்டு வாங்குங்கள். மற்ற வகை உருகி ஓரத்தில் பிசுபிசுக்கும். போர்டு கடைகளில் வெட்டு மிச்சம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் பிவிசி கலந்திருக்கலாம். பிவிசி லேசரில் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். சந்தேகமானால் செம்புக் கம்பியைச் சூடாக்கி, வெட்டவெளியில் ஷீட்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அந்தத் துண்டைத் தொடவே வேண்டாம்.

அக்ரிலிக் எளிதில் தீப்பிடிக்கும். மெஷின் ஓடும்போது அடுப்படிக்குப் போகாதீர்கள், மெஷினோடு வந்த, கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியையும் கழற்றாதீர்கள். அப்புறம், செய்து முடித்ததை ஸ்பிரிட்டாலோ சானிடைசராலோ துடைக்கக் கூடாது. வெட்டிய ஓரங்களில் மயிரிழை விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீர் போதும். வாங்குபவர்களிடமும் இதைச் சொல்லியே கொடுங்கள்.