பயன்படுத்திய பேஸ் கிட்டாரை வாங்கி, நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாமா?

மயிலாடுதுறையில் இருப்பதாகவும், கையில் 12,000 ரூபாய் இருப்பதாகவும், பழைய பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கிப் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) மாற்றி, ஃபிரெட்டுகளையும் (விரல் அழுத்தும் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) எடுத்துவிட்டால் நல்ல கருவியாகிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்கிய கையோடு எதையும் மாற்றாதீர்கள். இதை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் 5,200 ரூபாயும் ஒரு கச்சேரியும் வீணாகியிருக்காது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கும்பகோணத்துக்காரன், பதினெட்டு ஆண்டுகளாக மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிக்கிறேன். கிட்டார் செய்யக் கற்றவன் அல்லன். பெருநகரங்களில் கருவி பழுதுபார்க்கும் கடைக்கு நடந்தே போய்வரக்கூடியவர்களுக்கு நான் சொல்லும் வழிகள் சுற்றுவழிகளாகத் தோன்றலாம். அவர்களோடு வாதாட நான் வரவில்லை. காவிரிப் படுகையில், கடல்காற்றும் ஐப்பசி மழையும் உள்ள ஊரில், நம் கைக்கு எட்டும் ஆட்களை வைத்துக்கொண்டு செய்ததை மட்டுமே சொல்கிறேன்.

2019 வரை எனக்கென்று சொந்தமாகப் பேஸ் கிடையாது. குழுவின் கருவியைத்தான் வாசித்து வந்தேன். கீபோர்டின் இடக்கையிலேயே பேஸ் வந்துவிடுகிறதே, அதற்குத் தனியாக ஓர் ஆள் எதற்கு, ஒரு சம்பளம் எதற்கு என்று குழுத் தலைவர் முடிவு செய்து அந்தக் கருவியை விற்றுவிட்டார். நம் பகுதியில் எத்தனையோ பேஸ்காரர்கள் இப்படித்தான் மேடையிலிருந்து இறக்கப்பட்டார்கள். பேஸின் மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகளில் ஒலிப்பது. தெருவெங்கும் கட்டியிருக்கும் கூம்பு ஒலிபெருக்கியில் அந்த ஒலி வெளியே வராது. அதில் கேட்டுவிட்டு, பேஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமா? இருக்கட்டும். எனக்கு வேறு குழுவில் இடம் கிடைத்தது, கருவி மட்டும் இல்லை. நீங்களும் அநேகமாக அதே நிலையில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நாகப்பட்டினத்திற்கு அருகே, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு வீட்டில், ஜாஸ் பேஸ் என்னும் மாதிரியின் வடிவத்தில் ஒரு கருவி விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பரண்மேல் இருந்ததால் நனையவில்லை என்றார் விற்றவர். ஆம்பில் சொருகியதும் வண்டு குடைவதுபோல் ஓர் இரைச்சல். "பிக்கப் பழசு சார், மாத்திட்டீங்கன்னா சரியாயிடும்" என்றார். நானும் நம்பினேன், அந்த இரைச்சலைக் காட்டியே ஆயிரம் ரூபாய் குறைத்து, 8,500 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு, மகிழ்ச்சியோடு பேருந்து ஏறினேன். அடுத்த வாரமே 5,200 ரூபாய் கொடுத்துச் சென்னையிலிருந்து புதிய பிக்கப் ஜோடியை வரவழைத்துப் பொருத்தினேன்.

இரைச்சல் அப்படியே இருந்தது.

ஆம்பில்தான் கோளாறு, மேடையில் மிக்சரில் சொருகினால் தெரியாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு ஒரு கோயில் திருவிழாக் கச்சேரிக்குப் போனேன். இரண்டாவது பாட்டிலேயே ஒலி அமைப்பாளர் என் சேனலை முழுதாகக் கீழே இறக்கிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, அந்த இரைச்சலோடு எந்தக் கச்சேரியையும் நடத்த முடியாது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால், ஒலி வராத கருவியை மீதி இரண்டரை மணி நேரமும் வாசித்தேன். நோட்டு தவறாமல்தான் வாசித்தேன். அந்த இரவை இன்னும் நான் மறக்கவில்லை.

மறுநாள், எங்கள் தெருவில் நெடுங்காலமாக ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் பெரியவரிடம் கருவியைக் கொண்டுபோனேன். அவர் கிட்டாரை அதற்கு முன் கையால் தொட்டதில்லை. கருவியின் ஜாக் துளையில் கேபிளைச் சொருகச் சொன்னார். "தம்பி, கம்பியத் தொடு" என்றார். தொட்டேன், இரைச்சலில் மாற்றமில்லை. "இப்ப ஜாக் மேல இருக்கிற இரும்பத் தொடு" என்றார். விரல் வைத்த நொடியே இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கியது. "கம்பிக்கு எர்த் போகல. அவ்வளவுதான்" என்று, உடலின்மேல் தந்திகள் வந்து முடியும் உலோகப் பாகமான பிரிட்ஜைக் கழற்றினார். உள்ளிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயர் பிரிட்ஜின் அடியில் அழுந்தியிருக்க வேண்டும். அதன் நுனி உப்புக் காற்றில் பச்சைக் களிம்பேறி, பொடியாக உதிர்ந்துபோயிருந்தது. நல்ல செம்பு தெரியும்வரை ஒயரைச் சீவி, பிரிட்ஜின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சால்டர் வைத்தார். இருபது நிமிட வேலை. ஐம்பது ரூபாய்தான் வாங்கினார்.

ஆகவே கருவி பார்க்கப் போகும்போது இந்தச் சோதனையை நீங்களே செய்துகொள்ளுங்கள். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். தந்தியைத் தொட்டு மாறாமல், ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைந்தால், அநேகமாக எனக்கு நேர்ந்த அதே பழுதுதான். இன்னொன்றும் உண்டு. 1960-இல் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த ஜாஸ் பேஸின் வழியில் வரும் கருவிகளில் ஒற்றைச் சுருள் பிக்கப் இரண்டு இருக்கும். பெரும்பாலானவற்றில் இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடக்கிவிடும். ஒன்றைக் குறைத்தால் கொஞ்சம் இரைச்சல் திரும்ப எட்டிப்பார்க்கும். அது அந்த அமைப்பின் இயல்பு. அதற்காகக் கருவியை ஒதுக்க வேண்டியதில்லை. அதே நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் வகையில், பிளவுபட்ட இரட்டைச் சுருள் பிக்கப் இருப்பதால், இந்தத் தொல்லை மிகக் குறைவு.

மிச்சமிருந்த சிறு இரைச்சலுக்கு, ஒயர்கள் இருக்கும் உட்குழியில் செம்பு உறை போட வேண்டியிருந்தது. அதற்கென்றே ஒட்டும் செம்பு நாடா கிடைக்கிறது. அதுவே எளிது என்பதை மறுக்கவில்லை. எனக்கு அன்று அது கிடைக்காததால், கும்பகோணத்தில் பூசைப் பொருள் கடையில் எந்திரம் எழுதுவதற்காக விற்கும் வெற்றுச் செப்புத் தகட்டை வாங்கி, கத்தரித்து, குழியின் சுவரோடு படிய வைத்து, துண்டுகளை ஒன்றோடொன்று சால்டர் செய்து எர்த்தோடு இணைத்தேன். சிக்னல் போகும் முனைகள் தகட்டில் பட்டுவிட்டால் ஒலியே வராது. அங்கெல்லாம் இன்சுலேஷன் டேப் ஒட்டியாக வேண்டும்.

இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடியவை. பாட் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்), ஜாக், பிக்கப், தந்தி, முறுக்குச் சாவி எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது நெக்கை, அதாவது விரல்கள் ஓடும் நீண்ட கழுத்தைத்தான். நான்கு தந்திகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கும் மேலான விசையோடு அதை இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. தச்சர் பலகையின் ஓட்டம் பார்ப்பதுபோல, ஒரு கண்ணை மூடி, தலைப் பக்கத்திலிருந்து உடல்வரை நெக்கின் இரு விளிம்புகளையும் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் லேசாக வளைந்திருந்தால் கவலையில்லை. உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்னும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். ஒரு விளிம்பு ஏறியும் மற்றொன்று இறங்கியும் முறுக்கியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பிறகு ஒரு தந்தியை முதல் ஃபிரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது 0.3 மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் போதும். துல்லியமாக அளக்க வேண்டுமென்றால், பைக் மெக்கானிக் டேப்பெட் இடைவெளி பார்க்க வைத்திருக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, டிரஸ் ராட் இரு பக்கமும் அசைகிறதா என்பதை விற்பவரின் சம்மதத்தோடு மிக லேசாகத் திருகிப் பார்க்க வேண்டும். கடலோரக் கருவிகளில் அதைத் திருகும் நட்டும், பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் அமரும் சேடிலின் சிறு திருகுகளும் துருப்பிடித்து இறுகியிருக்கும். சேடில் இறுகியிருந்தால் பிரிட்ஜை மாற்றிக்கொள்ளலாம். டிரஸ் ராட் இறுகியிருந்தால் அந்தக் கருவி வேண்டாம். கடைசியாக, மெல்லிய தந்தியில் ஐந்து முதல் ஏழாவது ஃபிரெட்வரை ஒவ்வொரு சுரத்தையும் நீள விட்டுக் கேளுங்கள். இந்த வகை பேஸ்களில் அந்த இடத்தில் ஒரு சுரம் சட்டென்று அணைந்துபோவது உண்டு. பிக்கப்பை மாற்றி அதைக் குணப்படுத்த முடியாது.

என் கருவியின் நெக் நேராகத்தான் இருந்தது, ஆனால் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு அருகே ஒரு சுரம் கரகரத்தது. கிட்டார் கடைக்காரர் ஒருவர் நெக்கையே மாற்றச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தஞ்சாவூரில் வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையைப் பரம்பரையாகச் செய்யும் கைகள் நம்மிடமிருந்து ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும்போது, நாம் ஏன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓடுகிறோம் என்பது என் ஆதங்கம். வீணையில் ஃபிரெட்டை மெட்டு என்பார்கள். அதன் இருபத்து நான்கு மெட்டுகளும் மெழுகின்மேல் பதிந்திருப்பவை; கிட்டாரில் மரத்தின் வெட்டுக்குள் அறைந்திருப்பவை. வேலை வேறு என்பது உண்மைதான், ஆனால் மெட்டின் உயரத்தைக் கண்ணால் அளக்கும் பழக்கம் ஒன்றுதான்.

ஆசாரி கருவியை மடியில் கிடத்தி, கட்டைவிரலை ஃபிரெட்டுகளின் மேல் மெல்ல ஓட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "பதிமூணாவது மெட்டு ஓரத்துல எழும்பியிருக்கு தம்பி. மரத்துல ஈரம் இருக்கு. இப்ப ராவுனா நாளைக்குப் பள்ளமாயிடும். பத்து நாள் இங்கயே கெடக்கட்டும்" என்றார். தந்திகளைத் தளர்த்திப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். பிறகு போனபோது, எழும்பிய முனையில் ஒரு சொட்டுப் பசையிட்டு அழுத்திக் கட்டி, தட்டை அரத்தால் நான்கைந்து முறை மட்டும் ராவி, அதன் முதுகை மறுபடி உருட்டையாக்கி வைத்திருந்தார். நெக்கின் தலைப் பக்கத்தில் தந்திகளைத் தாங்கும், தேய்ந்திருந்த பிளாஸ்டிக் நட்டுக்குப் பதிலாக எலும்பில் ஒரு நட்டும் அறுத்துப் பொருத்தியிருந்தார். மொத்தம் 800 ரூபாய். திறந்த தந்தியின் ஒலி அன்றிலிருந்து வேறாகிவிட்டது. 5,200 ரூபாய் பிக்கப் தராத தெளிவை அந்தச் சிறு எலும்புத் துண்டு தந்தது என்றே சொல்வேன். இது என் காதின் கற்பனை என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் வந்து கேட்டுப் பார்க்கட்டும்.

இனி ஃபிரெட்டைப் பிடுங்கும் யோசனைக்கு வருகிறேன். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம் 1962 ஜாஸ் பேஸை ஃபிரெட் இல்லாமல் வாசித்த கதையைக் கேட்டுத்தான் பலருக்கும் இந்த ஆசை பிறக்கிறது. அவர் ஃபிரெட் இருந்த வெட்டுகளை நிரப்பியதோடு விடவில்லை. பலகையின்மேல் எபாக்சிப் பூச்சும் பூசினார். வெறும் ஈட்டி மரத்தின்மேல் சாதாரணச் சுருள் தந்தியைப் போட்டால் அது அரம்போல் மரத்தைத் தின்றுவிடும். தட்டைச் சுற்றுத் தந்தி போட வேண்டும், அதன் விலையும் கூடுதல். இதைவிட முக்கியமானது, நம் பாட்டுக்குக் கமகம் வேண்டும் என்று நீங்கள் இதை யோசித்திருந்தால், வீணையில் மெட்டு இருந்தும் கமகம் வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மெட்டைப் பிடுங்கியவுடன் கமகம் வந்துவிடாது. முதலில் சுருதிதான் போகும். ஒரே ஒரு கருவி வைத்திருப்பவர் அதைச் செய்ய வேண்டாம். நெக் நான்கு திருகுகளில் கழன்று வரும் கருவியாகப் பார்த்து வாங்கினால், அளவு பொருந்தும் ஃபிரெட்லெஸ் நெக் ஒன்றைப் பின்னாளில் தேடிப் பொருத்தலாம், பழையதும் பத்திரமாக இருக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: இரண்டு நெக்கும் ஒரே தந்தி நீளத்துக்கு (நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை, பெரும்பாலும் முப்பத்து நான்கு அங்குலம்) உரியவையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருதி எங்குமே சேராது.

உங்கள் 12,000 ரூபாயில் எட்டு, எட்டரைக்கு மேல் கருவிக்குக் கொடுக்காதீர்கள். புதுத் தந்தி ஒரு செட், நல்ல கேபிள் ஒன்று, ஆசாரிக்கோ ரேடியோக்காரருக்கோ கூலி என்று மிச்சம் தானாகக் கரைந்துவிடும். புதுத் தந்தி போட்டபின், பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்திய சுரத்தையும் அங்கேயே அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் மெல்லொலியையும் ஒப்பிட்டு, அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னே தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னே கொண்டுவாருங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அப்படியே வாசித்துவிட்டு, அதன் பிறகும் பிக்கப் குறையாகத் தோன்றினால் அப்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

என் கருவி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. மழை பிடித்ததும் அதன் நெக் கொஞ்சம் முன்னே வளையும். ஐப்பசியில் டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்குவேன், தை பிறந்ததும் அதே கால் சுற்றைத் தளர்த்துவேன். ஒரே நாளில் அதற்கு மேல் திருகியதில்லை.