விளக்குக் கண்ணாடியில் படியும் வெடிமருந்துக் கரி

கேள்வி: ஐயா, கோலாலம்பூரில் துணைப் போலீஸ் பணியில் இருக்கிறேன். எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள 9 மில்லிமீட்டர் பிஸ்டலில் குழலுக்குக் கீழே ஒரு லைட் பொருத்தப்பட்டிருக்கிறது. இரண்டு பெட்டி, அதாவது 100 தோட்டாக்கள் சுட்டுப் பயிற்சியை முடித்துவிட்டுப் பார்த்தால், அதன் லென்ஸ் மண்ணெண்ணெய் விளக்கின் சிமினிபோல் கறுத்துக் கிடக்கிறது. ஈரத் துணியால் துடைத்தும் போகவில்லை. பற்பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று உடன் வேலை செய்பவர் சொல்கிறார். தேய்க்கலாமா? கரி படியாமலே தடுக்க வழி உண்டா?
– செந்தூல் வாசகர்

பதில்: அன்பரே, பற்பசையைத் தொடாதீர்கள். வெடிமருந்துக் கரியால் கெட்ட லென்ஸ்களைவிட, அந்தக் கரியை எடுக்கிறேன் என்று கண்டதைப் போட்டுத் தேய்த்துக் கெடுத்த லென்ஸ்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்று என்னுடையது. பற்பசையில் பல்லின் கறையை உரசி எடுப்பதற்கென்றே நுண்ணிய துகள்கள் சேர்க்கப்படுகின்றன. தேய்த்து முடித்தபோது என் லென்ஸ் பளிச்சென்றுதான் இருந்தது. இரவில் சுவரை நோக்கி எரியவிட்டபோதுதான், நடுவில் கூர்மையாக விழ வேண்டிய ஒளிவட்டம் பால் கலந்த தண்ணீர்போல் கலங்கிப் பரவியதைக் கண்டேன். கரியைத் துடைத்து எடுத்துவிடலாம். கீறலை எடுக்க முடியாது. சிமினியைத் துலக்க நம் வீடுகளில் பயன்படுத்திய உமிச்சாம்பலும் வேண்டாம். அதில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். சிமினி அதைத் தாங்கும். லென்ஸின் மேல் இடப்பட்டிருக்கும் மெல்லிய பூச்சு தாங்காது.

கரி ஏன் இவ்வளவு விரைவில் படிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டா குழலைவிட்டு வெளியேறும் கணத்தில், அதன் பின்னாலேயே சூடான வாயுவும் முழுதாக எரியாத மருந்துத் துகள்களும் பீறிட்டு நாலாபுறமும் விரிகின்றன. குழல் குட்டையாக இருந்தால் மருந்து எரிந்து தீரப் போதிய நீளம் இல்லாமல் இன்னும் அதிகமாக வெளியே வரும். லைட்டின் முகமோ குழல் வாய்க்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு சூட்டிலும் ஒரு படலம் ஏறுகிறது. அடுத்த சூட்டின் வெப்பம் அதைச் சுட்டு இறுக்குகிறது. 100 தோட்டாக்களுக்குப் பிறகு ஈரத் துணிக்கு அது மசியாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, செய்ய வேண்டியதைச் சுடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பலாப்பழம் அறுப்பதற்கு முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம் அல்லவா? பால் எண்ணெயின் மேல் ஒட்டுகிறதே தவிர, தோலில் ஒட்டுவதில்லை. இங்கும் அதே முறைதான். தோட்டாக்களை நீக்கி, துப்பாக்கியில் தோட்டா ஏறும் அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் சரிபார்த்து, லைட்டைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிக்கொள்ளுங்கள். அரை அரிசி அளவு வாசலினை விரல் நுனியில் எடுத்து லென்ஸின் மேல் மட்டும், மூச்சுக்காற்று பட்டதுபோல் லேசாக மங்கித் தெரியும்வரை பரப்புங்கள். சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலியம் கலந்த பொருள்கள் சில வகை ரப்பரை உப்ப வைத்துவிடும், பிறகு உள்ளே ஈரம் புகும். உதட்டில் தடவும் பாமும் இதே வேலையைச் செய்யும். பயிற்சி முடிந்ததும் மெல்லிய துணியால் ஒரு முறை வழித்தெடுத்தால் கரி அந்தப் பசையோடு சேர்ந்து வந்துவிடும். ஒரு பெட்டித் தோட்டா தீர்ந்ததும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவிக்கொள்வது நல்லது.

ஆனால் பணிக்குப் புறப்படும்போது லென்ஸில் எதுவும் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாசலின் ஒளியைச் சற்றுச் சிதறடிக்கும். நம் ஊர் வெயிலிலும், எரியும் லைட்டின் சூட்டிலும் அது இளகி வழியும். உறையில் உள்ள நூலும் தூசும் வந்து ஒட்டிக்கொள்ளும். இருட்டில் எதிரே நிற்பவர் யார், அவர் கையில் இருப்பது என்ன என்று அடையாளம் காணத்தான் அந்த லைட் உங்களிடம் இருக்கிறது. அந்த ஒளி மங்கலாக இருக்கக் கூடாது.

இப்போது படிந்திருக்கும் பழைய கரிக்கு வாசலினைச் சற்றுத் தாராளமாகவே பூசி அரைமணி நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். மீந்திருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைப் பென்சில் அழிப்பானால், அழுத்தாமல், சிறு வட்டங்களாகத் தேய்த்தால் கறுப்பு உருண்டு உருண்டு வரும். அந்தத் துணுக்குகளை ஊதித் தள்ளாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள், ஏனென்றால் தோட்டாவின் பற்றவைக்கும் கலவையிலிருந்து வரும் ஈயம் அதில் கலந்திருக்கக்கூடும். அதே காரணத்தால் சாப்பாட்டு மேசையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துக் கடைசியாக ஒரு முறை துடைக்கலாம். அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம், குழலைச் சுத்தம் செய்யும் கரைப்பான் மூன்றும் ஆகாது. உங்கள் லென்ஸ் கண்ணாடியாக இல்லாமல் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்காக இருந்தால், அவை அதில் சிலந்தி வலைபோல் வெடிப்புகளை உண்டாக்கிவிடும். ஆயுதம் உங்கள் சொந்தப் பொருள் அல்ல என்பதால், இவற்றில் எதைச் செய்வதற்கும் முன்பு ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: லென்ஸின் மேல் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு சுடலாமா?
– செராஸ் வாசகர்

பதில்: பகல் பயிற்சிக்கு ஒட்டலாம். ஒளி ஊடுருவும் நாடாவை லென்ஸின் அளவுக்கு வெட்டி ஒட்டி, அன்றே உரித்துவிடுங்கள். விட்டுவைத்தால் பசை சூட்டில் காய்ந்து கரியைவிடப் பெரிய தொல்லையாகிவிடும். நிறமுள்ள நாடாவை ஒட்டியிருக்கும்போது லைட்டை எரியவிடாதீர்கள். இன்றைய லைட்களின் ஒளி, எதிரே கறுப்பாக எது இருந்தாலும் அதைச் சூடேற்றிப் பொசுக்கிவிடும். இரவுப் பயிற்சி என்றால் நாடாவை விட்டுவிட்டு, மேலே சொன்ன வாசலின் முறையையே பின்பற்றுங்கள்.