கடற்கரைக் கூடாரத்துக்கு என்னென்ன வரும், எது தடுக்கும்?

கேள்வி: பொங்கல் விடுமுறையில் அரியமான் கடற்கரைப் பக்கம் ஒரு தோப்பில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், மாமியார், மூன்று வயதுப் பையன். அமெரிக்காவில் ரக்கூன் என்ற பிராணி ராத்திரியில் கூடாரத்துக்குள் புகுந்து சாப்பாட்டைத் தூக்கிப் போவதை வீடியோவில் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. நம் பக்கம் அப்படி என்ன வரும்? தோப்பை ஏற்பாடு செய்கிறவர், பாம்பு விரட்டும் பவுடரும் நாய், நரி வராமல் தடுக்கும் ஒலிக் கருவியும் சேர்த்துத் தனியாக 2,500 ரூபாய் கேட்கிறார். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. இதையும் வாங்கலாமா? (மதுரை வாசகி)

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் இறுக்க மூடும் டப்பா இரண்டு, நல்ல டார்ச் ஒன்று, முடிந்தால் மாமியாருக்கு ஒரு மடக்குக் கட்டில் வாங்குங்கள். அவை உதவும்.

பவுடர் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். பாம்பு விரட்டி என்று விற்கிற பெரும்பாலான பொடிகளில் இருப்பது கந்தகமும் அந்துருண்டைச் சரக்கும்தான். பாம்பு அதன் மேலேயே ஊர்ந்து போகும். பூண்டுத் தண்ணீர், கல்லுப்பு, பினாயில், கார்பாலிக் அமிலம் எல்லாமே இதே கதைதான். இதில் கார்பாலிக் அமிலம் தோலைப் புண்ணாக்கிவிடும். அந்துருண்டைப் பொடியை மூன்று வயதுப் பையன் விரலால் தொட்டு வாயில் வைத்தால், பாம்பே வராத இடத்திலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். ஒலிக் கருவியின் சத்தம் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. பாம்புக்குக் கேட்பதோ தரையதிர்வும் மிகத் தாழ்ந்த ஒலியும் மட்டும். அதனால் அந்தக் கருவி பாம்புக்கு இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. நாய்க்குக் கேட்கும்தான். முதலில் காதை விடைக்கும், அப்புறம் பழகிவிடும்.

ரக்கூன் வட அமெரிக்கப் பிராணி. இந்தியக் காடுகளில் கிடையாது. அதன் முன்னங்கால் விரல்கள் கைபோல வேலை செய்யும். மூடியைத் திருகும், கொக்கியைத் தூக்கும், ஜிப்பை இழுக்கும். அந்த ஊர்க்காரர்கள் உணவைப் பூட்டுப்போட்ட பெட்டியில் வைப்பது அதனால்தான். நம் கடற்கரையில் அவ்வளவு கைவேலை தெரிந்த இராத்திரிப் பிராணி எதுவும் இல்லை. ஆனால் அவர்களுடைய அடிப்படை விதி இங்கேயும் அப்படியே பொருந்தும்: எந்தப் பிராணியும் உங்களைத் தேடி வருவதில்லை, உங்கள் சாப்பாட்டைத் தேடித்தான் வருகிறது.

இங்கே வரக்கூடியவை தெருநாய், பெருச்சாளி, கீரி, மரநாய், விடிந்ததும் காக்கை, சில இடங்களில் நரி. நண்டு எல்லா இடத்திலும் வரும், ஒன்றும் செய்யாது. நரியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதற்குத்தான் பயப்படுகிறார்கள். கடற்கரையை ஒட்டிய சீமைக்கருவேலங் காட்டில் பகலெல்லாம் படுத்துக் கிடந்துவிட்டு, ஆள் நடமாட்டம் அடங்கியதும் அலையோரமாக நண்டும் செத்த மீனும் பொறுக்க வரும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம். அந்தக் குழியைத் தோண்டவும் வரும். காலையில் மணலைப் பாருங்கள். பெரும்பாலும் பின்னங்காலை முன்னங்கால் தடத்திலேயே வைத்து நடப்பதால், நரி போன தடம் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில் போகும். நாய்த்தடம் அங்குமிங்கும் அலைந்து, வட்டமடித்து, நின்று மோந்து பார்த்துப் போயிருக்கும். கூடாரத்துக்குப் பத்தடி தள்ளி நேர்வரிசைத் தடம் இருந்தால் நரி உங்களைக் கடந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். அதை விரட்ட வெடி போடுவதோ கறியில் மருந்து வைப்பதோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கோயில் வாசல்களில் "நரிக்கொம்பு" விற்பவரிடமும் எதுவும் வாங்காதீர்கள். நரிக்குக் கொம்பு கிடையாது. எலும்பையும் தோலையும் மயிரையும் சேர்த்துச் செய்த பித்தலாட்டம் அது; அதற்காகவும் நரிகளைக் கொல்கிறார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். தை மாதத்தில் அங்கே வாடைக்காற்று. அரியமான் இருப்பது பாக் நீரிணைப் பக்கம், அந்த ஊர்க்காரர்கள் பெண்கடல் என்று சொல்லும் அமைதியான கடல். காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். மீன் வறுக்கிற வாசனை நேரே உள்பக்கக் கருவேலங் காட்டுக்குப் போகும். அதனால் கூடாரம் கடல் பக்கமாகவும் அடுப்பு கரைப் பக்கமாகவும் இருக்கட்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு ஐம்பதடி இடைவெளி விடுங்கள். மாற்றிப் போட்டால் வாசனை கூடாரத்தைத் தடவிக்கொண்டு போகும், அதைப் பிடித்துக்கொண்டு வருகிற நாயும் கூடாரம் வழியாகத்தான் வரும். மீனைக் கடைத்தெருவிலேயே செதில் சீவி, குடல் எடுத்து வாங்கி வாருங்கள். முள்ளையும் மிச்சத்தையும் மணலில் புதைக்காதீர்கள். நாய்க்கு ஓரடி ஆழமெல்லாம் ஒரு ஆழமே இல்லை. கருவாடு கொண்டுபோகவே வேண்டாம். பாத்திரத்தைத் தூங்கும் முன்பே கழுவிவிடுங்கள். உணவு முழுக்க டப்பாவில், டப்பா முழுக்கக் காரின் டிக்கியில். குப்பைப் பையும் டிக்கியில்தான். ஊருக்குத் திரும்பும்போது உங்களோடு வரட்டும். குப்பைத் தொட்டி எங்கே என்று கேட்காதீர்கள். பெரும்பாலான கடற்கரைகளில் "குப்பை போடாதீர்" என்ற பலகை இருக்கும், தொட்டி இருக்காது. தொட்டி இருந்தால் அள்ள ஆள் வந்திருக்காது. மீன் இறங்குதளங்களில் கழிவைக் கரையிலேயே கொட்டிவிட்டு, நாய் பெருகிவிட்டது என்று மனு கொடுக்கிறார்கள். நாய்க்குக் கருத்தடை செய்ய 2023இல் புது விதிகளே வந்தன. கழிவை அள்ளாமல் அதை மட்டும் செய்து என்ன பலன் என்று பல கூட்டங்களில் கேட்டாயிற்று. பதில் சொல்லத்தான் ஆளில்லை.

நாய்க்கு எதுவும் போடாதீர்கள். பையன் ஆசைப்பட்டு ஒரு பிஸ்கட் போட்டால் ராத்திரி நான்கு நாய் கூடாரத்து வாசலில் படுத்திருக்கும்.

கூடாரத்துக்குள் உணவே கூடாது என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அது உங்களுக்குப் பொருந்தும். பையன் ராத்திரியில் பால் கேட்பவனாக இருந்தால், ஒவ்வொரு தடவையும் இருட்டில் கார் வரை நடந்து போவது நீங்கள் தவிர்க்கப் பார்க்கிற எல்லாவற்றையும்விட ஆபத்து. ஆகவே பால் உள்ளே இருக்கலாம், ஆனால் இப்படி. பால்மாவு டின்னை முழுசாகக் கொண்டுபோகாதீர்கள். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் சின்ன எவர்சில்வர் டப்பாவில் அளந்து எடுத்து வையுங்கள். வெந்நீர் ஃபிளாஸ்கில். டப்பாவையும் ஃபிளாஸ்க்கையும் தலைமாட்டில் வைக்காமல் கால்மாட்டில் ஒரு மூடிபோட்ட வாளிக்குள் வையுங்கள். குடித்து முடித்த பாட்டிலில் மிச்சம் இருந்தால் கீழே வைக்காமல், மூடி, உடனே அந்த வாளிக்குள்ளேயே போடுங்கள். படுக்கையில் சொட்டிய பாலை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் வாளிக்குள் போடுங்கள். ஏன் இவ்வளவு என்றால், பால் சிந்தினால் எறும்பு வரும், பெருச்சாளி வரும். அது நைலான் துணியைக் கடித்து ஓட்டை போடும். அந்த ஓட்டை வழியாக எலியைத் தேடிப் பாம்பு வர முடியும். மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருந்து ராத்திரியில் ஏதாவது சாப்பிட வேண்டியிருந்தாலும் இதே முறைதான். "பசித்தால் இருக்கட்டும்" என்று வைக்கிற முறுக்குப் பொட்டலத்துக்கு இந்த விலக்கு கிடையாது.

பாம்பைப் பற்றி உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. ராத்திரி நடமாடும், தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும், கடித்த இடம் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. மணற்பாங்கான கடற்கரைகளில் சுருட்டைவிரியனும் உண்டு. கல்லடியில், காய்ந்த ஓலைக்கடியில் கிடக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றேதான்: தரையும் சுவரும் ஒன்றாகத் தைத்த, ஓட்டையில்லாத கூடாரம். வாடகைக் கூடாரத்தை அங்கே போய் விரித்துப் பார்க்காமல், கிளம்பும் முன்பே விரித்து, பகலில் உள்ளே உட்கார்ந்து ஜிப்பை மூடி, வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பாருங்கள். வாசல் ஜிப்புக்கு இரண்டு இழுப்பான் இருக்கும். அவை இரண்டையும் கீழ் மூலையில் சந்திக்க விட்டால் அங்கே விரல் நுழைகிற அளவு இடைவெளி நின்றுவிடும், தேள் வர அது போதும். இரண்டையும் உச்சியில் கொண்டுபோய்ச் சேர்த்து, இரண்டின் துளையிலும் ஒரு நாடாவைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். மூக்கால் நெம்பிப் பார்க்கிற நாயும் அதைத் திறக்காது. கூடாரம் போடும் இடத்தில் ஓலை, விறகுக் குவியல், இடிந்த சுவர் இருக்கக் கூடாது. செருப்பை வெளியே விடாதீர்கள். காலையில் உதறாமல் போடாதீர்கள். செந்தேள் கொட்டினால் பெரியவர்களுக்கும் ஆபத்துதான், சின்னப் பிள்ளைக்கு உயிராபத்து. இருட்டில் வெளியே போனால் டார்ச் காலடியைப் பார்த்து இருக்கட்டும், கடலைப் பார்த்து அடிக்காதீர்கள். ஆமை வெளிச்சத்தைப் பார்த்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

விடியற்காலையில் பையன் வயிற்றுவலி என்று அழுது, கண் இமை தொங்கினால், அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். கடித்த தடம் தெரியாவிட்டாலும் 108ஐக் கூப்பிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். பாம்புக்கடிக்கான முறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்தால் போதும். நாயோ கீரியோ நரியோ பல் பட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போடத் தொடங்குங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள்.

இனி, கேள்வியில் நீங்கள் லேசாகச் சொல்லிப் போன ஏற்பாட்டாளர். விலங்கைவிட எனக்குக் கவலை தருவது இவர்கள்தான். "கடற்கரை கேம்பிங்" என்று படம் போட்டு அட்வான்ஸ் வாங்குகிற சிலருக்குச் சொந்தத் தோப்பு கிடையாது. புறம்போக்கிலோ வனத்துறைச் சவுக்குத் தோப்பிலோ ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கூடாரம் அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ராத்திரி கடலோரப் போலீஸ் வந்து கேட்கும்போது போனை எடுக்க மாட்டார்கள். இது கடத்தலுக்காகக் கண்காணிக்கிற கடற்கரை. கேட்பார்கள், கேட்க வேண்டியதும்தான். இன்னும் மோசமானவர்கள், "படகில் தீவுக்குக் கூட்டிப் போகிறேன், அங்கே நாயும் இல்லை, நரியும் இல்லை" என்பவர்கள். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதியில்லாமல் காலை வைத்தாலே குற்றம், இராத்தங்கல் பற்றிப் பேச்சே இல்லை. வழக்கு உங்கள் மேலும் வரும். தனுஷ்கோடியிலும் இருட்டுவதற்குள் வெளியேறிவிட வேண்டும். முறையாக அனுமதி வாங்க நினைக்கிறவருக்கோ, வனத்துறை, வருவாய்த்துறை, ஊராட்சி, போலீஸ் என்று நான்கு வாசல். ஒவ்வொன்றும் அடுத்ததைக் கைகாட்டும். இதை ஒரே மேசையில் முடித்துக் கொடுத்தால் பாதி ஏமாற்றுக்காரர்களுக்குத் தொழிலே இருக்காது.

ஆகவே இன்றைக்கே அவரிடம் மூன்று விஷயம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: தோப்பின் சர்வே எண், சொந்தக்காரர் பெயர், கழிப்பறையும் தண்ணீரும் உண்டா. சர்வே எண் வந்தால் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் போட்டு, பட்டாவா புறம்போக்கா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பட்டா என்றால் பவுடரும் கருவியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய் வாருங்கள். புறம்போக்கு என்றாலோ, எண்ணே தர மறுத்தாலோ, அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் அந்த வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய ரசீதையும் வைத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.