ஐயாவின் எம்.ஜி. காரை மின்சாரத்துக்கு மாற்றலாமா?

கேள்வி: எங்கள் ஐயா வாங்கிய 1967 மாடல் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார், தேவகோட்டை வீட்டில் இன்ஜின் ஜாமாகி நிற்கிறது. ஆர்.சி. சரியாக இருக்கிறது. "நாலு லட்சத்தில் மின்சார வண்டியாக்கி ஆர்.சி.யும் மாற்றித் தருகிறேன்" என்கிறார் காரைக்குடி புரோக்கர் ஒருவர். நம்பலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, இப்படி மாற்றப் பதிவு அதிகாரியின் அனுமதி தேவை. பொருத்தும் கிட்டுக்கும் (மோட்டார், பேட்டரி அடங்கிய தொகுப்பு) ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் சான்று வேண்டும். அந்தச் சான்றில் எம்.ஜி.பி. என்று இருக்கிறதா? அதை மட்டும் கேளுங்கள். வேறு காருக்கு வாங்கிய சான்றின் ஜெராக்ஸை நீட்டுவார்கள். "பேட்டரி சிக்ரியில் டெஸ்ட் பண்ணினது" என்பார்கள். சிக்ரி நம் காரைக்குடியின் பெருமை, சந்தேகமில்லை. ஆனால் அது மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம், வண்டிக் கிட்டுக்கு ஒப்புதல் தரும் இடமல்ல. "முதலில் வேலையை முடிப்போம், ஆர்.சி. பிறகு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆர்.சி.யில் பெட்ரோல், வண்டியில் பேட்டரி என்றிருந்தால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கைவிரித்துவிடலாம்.

இன்னொன்று முக்கியம். 50 வயது தாண்டிய காரை 2021 விதிகளின்படி விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதுப்பதிவு என்றால் கட்டணம் 20,000 ரூபாய், 'வி.ஏ.' எழுத்துள்ள நம்பர் பிளேட்; ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்றுதான் ஓட்டலாம். தினமும் கடைவீதிக்கு எடுக்க முடியாது. ஆனால் இன்ஜினும் பாடியும் அசலாக இருக்க வேண்டும். மோட்டார் ஏற்றினால் அந்தத் தகுதி போய்விடும். விண்டேஜ் பதிவு வேண்டுமானால் இன்ஜினையும் பாடியையும் மாற்றாதீர்கள்.

ஒற்றை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, சோதித்துச் சான்று வாங்க ஒரு எளிய வழி வைத்தால் அரசுக்கு என்ன குறைந்துவிடும்? அது இல்லாததால்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது. அடித்தகடும் கதவுக்குக் கீழுள்ள பெட்டித்தகடும்தான் எடையைத் தாங்குகின்றன. பேட்டரிக்கு இடம் வேண்டுமென்று அவற்றை வெட்டினால் பாடியே தொய்ந்துவிடும்.

எனக்குக் கேட்டால் அந்த இன்ஜினையே மீட்கப் பாருங்கள். உதிரிபாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டுச் சில நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் மாட்டிக் கையால் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய யாரையும் விடாதீர்கள்.