அயர்லாந்து கிராமங்களில் இன்னும் தேவதைகளை நம்புகிறார்களா?

லிமரிக்கில் சில வருடம் வேலை பார்த்தேன். கூட வேலை செய்த ஒருவர் கிளேர் கவுண்டியில் விவசாயக் குடும்பத்துக்காரர். அவரிடம் இதே கேள்வியைக் கேட்டபோது, "அதெல்லாம் இப்போது யார் நம்புகிறார்கள்?" என்று சிரித்தார். சரி, உங்கள் வயல் நடுவே அந்த வட்ட மேட்டை மட்டும் ஏன் உழாமல் விட்டிருக்கிறீர்கள் என்றேன். "அதை நாங்கள் தொடுவதில்லை." இந்த முறை சிரிக்கவில்லை.

இந்த மாதிரி மேடுகள், ஆயிரம் வருடத்துக்கு முன் வீடுகளைச் சுற்றி எழுப்பிய மண் வளையங்கள். அவற்றில் தேவதைகள் குடியிருப்பதாக நம்பிக்கை. பல்லாயிரம் மிஞ்சியிருக்கின்றன. சட்டத்தைவிட இந்தப் பயம்தான் அவற்றை அதிகம் காப்பாற்றியது என்பது என் எண்ணம்.

தேவதை என்றதும் சிறகு வைத்த குட்டி அழகிகளை நினைக்காதீர்கள். இவர்கள் கோபக்காரர்கள். பெயர் சொல்லாமல் 'நல்ல மனிதர்கள்' என்றே குறிப்பிடுவார்கள். தெரிந்த வயலிலேயே வழி தவறிச் சுற்றினால் அவர்கள் வேலை. அதிலிருந்து தப்ப, மேல்சட்டையைக் கழற்றி உட்புறம் வெளியே தெரியும்படி போட்டுக்கொள்ள வேண்டும்.

1999-இல் கிளேரில் லட்டூன் என்ற இடத்தில் புதுச் சாலைக்காக ஒரு முள்மரத்தை வெட்டவிருந்தார்கள். தெற்கு மாகாணமான மன்ஸ்டரின் தேவதைகள் மேற்கு மாகாணமான கொனாக்டின் தேவதைகளோடு சண்டைக்குப் போகும்போது கூடும் இடம் அது, வெட்டினால் சாலையில் விபத்து நடக்கும் என்று கதைசொல்லி எடி லெனிஹன் மல்லுக்கு நின்றார். மரம் பிழைத்தது. 2002-இல் யாரோ ரம்பத்தால் கிளைகளை வெட்டிப்போட, அப்புறமும் துளிர்த்தது.

இதுவரை ரசிக்கலாம். ஆனால் ஆளைக் கடத்திவிட்டு அதே உருவத்தில் வேறொன்றை வீட்டில் விட்டுவிடுவார்கள் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. 1895 மார்ச்சில் டிப்பரரியில் பிரிஜெட் கிளியரி என்ற தையல்காரப் பெண் உடம்பு சரியில்லாமல் படுத்தார். இது என் மனைவியே இல்லை என்றார் கணவர் மைக்கேல். உறவினர்கள் பிடித்துக்கொள்ள, மூலிகைக் கஷாயத்தை வாயில் திணித்தார்கள். மறுநாள் இரவு கணவரே அவரை எரித்தார். கொலைக்குற்றம் ஆகாது, மரணம் விளைவித்த குற்றம்தான் என்று தீர்ப்பாகி, 20 வருடத் தண்டனை கிடைத்து, 1910-இல் வெளியே வந்தார்.

பிடிபடுவதற்கு முன் பக்கத்து மண் வளையத்துக்குப் போய்க் காத்திருந்தாராம். நிஜ மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள், அவளைக் கட்டியிருக்கும் கயிற்றை அறுத்து மீட்டுவிடலாம் என்று.